தீயை நிறுத்துவது யார்? மின்சூளையின் அணைப்புக் கருவிகளும் அவற்றின் கோளாறுகளும்

விறகுச் சூளைக்குத் தீ போடத்தான் ஆள் வேண்டும். கட்டையும் பனைமட்டையும் வைக்கோலும் தள்ளுவதை நிறுத்தினால் சிறிது நேரத்தில் அது தானாகவே அடங்கிவிடும். மின்சூளை அப்படியில்லை. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும், மின்சாரம் கேட்காமலே வந்துகொண்டிருக்கும். அதற்குத் தீ போட ஆள் வேண்டாம். தீயை நிறுத்தத்தான் ஆள் வேண்டும். அந்த ஆளின் இடத்தில் நாம் வைத்திருக்கும் கருவிகள் எவை, அவை எப்படி வேலை செய்கின்றன, எங்கே தவறுகின்றன, தவறினால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை முழுமையாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். நம் பகுதியில் உயர்சூட்டுக் கலைப் பானைத் தொழில் அதைச் சுற்றித்தான் வளர்ந்தது. அந்த மரபு விறகுத் தீயில் பிறந்தது. தீயின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் மரபு. இன்று மாடி வீட்டிலும் கார் ஷெட்டிலும் சூளை வைத்திருப்பவர்களுக்கு மின்சூளைதான் கதி. சூளையோடு கூடவே, 'போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்' என்ற நம்பிக்கையையும் நாங்கள் வாங்கி வந்தோம். அந்த நம்பிக்கை எனக்கு ஒரு விடியற்காலையில் உடைந்தது. திரையில் 'முடிந்தது' என்று எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. பார்வைத் துளையில் வெண்மஞ்சள் ஒளி. மின்சாரத்தை அறுக்க வேண்டிய ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. கிண்ணங்களின் கிளேஸ் எல்லாம் வழிந்து தட்டோடு தட்டாக இறுகிப்போயிருந்தது. இரண்டு மாத வேலையை உளியால் தட்டித்தட்டி எடுத்தேன்.

பானை போனால் இன்னொன்று வனையலாம். சிறு மின்சூளைகளில் பரவலாகப் பயன்படும் கே-23 ரக இலேசு செங்கல்லின் வரம்பு 1260 டிகிரி செல்சியஸ். கல்பாண்டத்துக்கு நாம் கொண்டுபோகும் சூட்டுக்கும் அதற்கும் நடுவே நாற்பது டிகிரி அளவுதான் இடைவெளி இருக்கும். அதைத் தாண்டினால் சுவர் தளரும், சூடேற்றும் காயில் கெடும், கூரையும் ஆபத்தில் சிக்கும். ஆகவே அணைப்பு என்பது பானையின் தரத்தோடு முடிகிற விஷயம் அன்று. வீட்டில் தூங்குகிறவர்களின் பாதுகாப்பும் அதில் அடங்கியிருக்கிறது.

எந்த அணைப்பு முறையை எடுத்துக்கொண்டாலும் அதில் மூன்று உறுப்புகள் இருக்கும். சூட்டைப் பார்க்கும் கண் ஒன்று. 'போதும்' என்று சொல்லும் கட்டளை ஒன்று. மின்சாரத்தை உண்மையிலேயே அறுக்கும் கை ஒன்று. பழைய கோன் முறைக்கும் புதிய கணினி முறைக்கும் இது பொது. எந்த உறுப்பில் பிழை என்று தெரிந்துவிட்டால் கோளாறு பாதி தீர்ந்தது. தெரியாமல் உதிரிபாகங்களை மாற்றிக்கொண்டே போனால் காசுதான் தீரும்.

எப்போது போதும்?

கருவியைக் குறை சொல்லும் முன் அதனிடம் சரியான கேள்வியைத்தான் கேட்டோமா என்று பார்க்க வேண்டும். மண்ணும் கிளேசும் சூட்டின் அளவை மட்டும் கணக்கில் கொள்வதில்லை. அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் கிடந்தோம் என்பதையும் சேர்த்தே முதிர்கின்றன. சோறு வேகும் கணக்கு இதுதான். இங்கிலாந்தின் ஜோசையா வெட்ஜ்வுட் 1782இல் களிமண் துண்டு சுருங்கும் அளவைக் கொண்டு சூளைச் சூட்டை அளக்க முயன்றார். 1886இல் பெர்லினில் ஹெர்மன் ஸேகர், குறிப்பிட்ட கலவையில் செய்த சிறு கூம்புகள் சூட்டில் வளைவதையே அளவுகோலாக்கினார். அமெரிக்காவின் ஒஹாயோவில் எட்வர்ட் ஆர்ட்டன் 1896 முதல் அத்தகைய கூம்புகளைத் தயாரித்தார். இன்று பட்டறையில் 'கோன்' என்று நாம் சொல்வது அதைத்தான்.

ஆர்ட்டன் பெரிய கோன் 6, சூடு மணிக்கு 60 டிகிரி வீதம் ஏறினால் 1222 டிகிரியில் வளைகிறது. மணிக்கு 150 டிகிரி வீதம் ஏறினால் 1243 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிறது. கடைசி நூறு டிகிரியை எந்த வேகத்தில் கடந்தோம் என்பதே இதைத் தீர்மானிக்கிறது. எனவே 'திரையில் 1222 காட்டியும் கோன் வளையவில்லை' என்பது பல நேரம் கோளாறே இல்லை, வேகத்தின் கணக்கு. இது புரியாமல் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளை மாற்றியவர்கள் பலர்.

கோனே கண்ணாக: கில்ன் சிட்டர்

அமெரிக்காவில் டாசன் நிறுவனம் பரவலாக்கிய கில்ன் சிட்டர் இன்னும் ஏராளமான பழைய சூளைகளின் பக்கவாட்டில் தொங்குகிறது. அதன் அமைப்பு எளிமையானது. சுவரைத் துளைத்துச் செல்லும் பீங்கான் குழாய் ஒன்று. அதன் உள்முனையில் இரண்டு உலோகத் தாங்கிகள். அவற்றின் மேல் சிறிய கோன் ஒன்றைக் குறுக்கே படுக்க வைத்து, அதன் முதுகில் ஒரு கம்பியைச் சாய்க்கிறோம். கம்பியின் வெளிமுனையில் ஒரு கொக்கி. அது ஓர் எடைக்கட்டையை நிமிர்த்திப் பிடித்திருக்கும். கோன் மென்மையாகி வளையும்போது கம்பியின் உள்முனை தாழும், வெளிமுனை உயரும், கொக்கி கழலும், எடை விழும். விழும் எடை பொத்தானை விடுவிக்கும். பொத்தான் வெளியே துள்ளும்போது தொடுமுனைகள் பிரிந்து மின்சாரம் அறும். கண் கோன், கட்டளை எடைக்கட்டை, கை தொடுமுனை.

இந்தக் கருவியின் பெருமை, அதன் கோளாற்றை வெறும் கண்ணாலேயே படிக்கலாம் என்பது. சூளை ஆறியதும் மூன்றைப் பாருங்கள்: கோன் எப்படி இருக்கிறது, எடை மேலே நிற்கிறதா கீழே கிடக்கிறதா, உள்ளே தட்டில் வைத்த சாட்சிக் கோன்கள் என்ன சொல்கின்றன. சாட்சிக் கோன் என்பது நாம் விரும்பும் எண்ணும் அதற்கு முன்னதும் பின்னதுமாக மூன்று: கோன் 6 வேண்டுமானால் 5, 6, 7. ஐந்து முழுதும் சாய்ந்து, ஆறு வளைந்து, ஏழு நிமிர்ந்திருந்தால் வேக்காடு சரி. இந்த மூன்று சாட்சிகளும் இல்லாமல் எந்தக் கோளாறு பற்றியும் பேசுவது இருட்டில் தடவுவதுதான்.

முந்தி அணைந்துவிட்டதா? எடை கீழே இருக்கிறது, கோனோ வளையாமல் முழுசாக இருக்கிறது என்றால் கொக்கி நுனியில் மட்டும் பிடித்திருந்தது என்று பொருள். யாரோ சூளையில் இடித்திருக்கலாம், மூடியை ஓங்கி வைத்திருக்கலாம். கோன் இரண்டாக உடைந்திருந்தால், வைக்கும்போதே கம்பியின் அழுத்தத்தில் கீறல் விட்டிருக்கும். கோனின் மெலிந்த பகுதி கம்பிக்கு அடியில் அமைந்தாலும் சீக்கிரம் வளையும். தடித்த பகுதி அமைந்தால் தாமதமாகும். வைக்கிற கைக்கு ஏற்ப மாறும் இந்த வேறுபாட்டைத் தவிர்க்கத்தான், நீளம் முழுக்க ஒரே பருமனுள்ள சிறு பட்டைகளும் கோன் எண்களில் கிடைக்கின்றன. சிட்டரோடு வரும் டைமர் பூச்சியத்தில் நின்றால் குற்றவாளி அதுவாக இருக்கலாம்.

பிந்தி அணைந்ததா? பெரும்பாலும் சீரமைப்புப் பிசகு. கொக்கி எடையை ஆழமாகக் கவ்வியிருந்தால் கோன் அளவுக்கு மீறி வளைந்த பிறகே அது விடும். இதற்கென்று கருவியோடு ஒரு வட்டத் தகடு வரும். குழாயின் உள்முனையில் அதைப் பொருத்தினால் கம்பியும் தாங்கிகளும் அதனதன் துளையில் உட்காரும். அந்த நிலையில் எடையை உயர்த்தும்போது அதன் முனை கொக்கியை இம்மியளவு இடைவெளியில் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் திருகைத் தளர்த்தி முனையை நகர்த்துகிறோம். கம்பி வளைந்திருந்தாலோ தாங்கிகள் அரித்துத் தேய்ந்திருந்தாலோ எவ்வளவு திருகினாலும் பயனில்லை. அவற்றையே மாற்ற வேண்டும்.

அணையாமலே போனதா? இங்கே எடை சொல்லும் சாட்சி மிக முக்கியம். கோன் உருகியிருக்கிறது, எடை மேலேயே நிற்கிறது என்றால் பிழை கண்ணிலோ கட்டளையிலோ இருக்கிறது. கம்பி குழாயின் பக்கத்தில் உரசி நின்றிருக்கும். பழைய கோனின் கசடு குழாய்க்குள் உறைந்து கம்பியைப் பிடித்திருக்கும். அல்லது தட்டோ பானையோ நெருக்கமாக நின்று, வளையும் கோனைத் தாங்கிக்கொண்டிருக்கும். எடை கீழே கிடக்கிறது, சூளை இன்னும் கொதிக்கிறது என்றால் பிழை கையில். பொத்தான் துருவில் சிக்கியிருக்கலாம், அல்லது தொடுமுனைகள் ஒட்டிப்போயிருக்கலாம். சூளையின் மொத்த மின்னோட்டமும் அந்தத் தொடுமுனைகள் வழியாகவே போகிறது. கருகிய முனை, பழுப்பேறிய வயர், தளர்ந்த திருகு ஆகிய மூன்றும் அதன் முன்னறிவிப்புகள்.

இந்த வகைக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை ஒரு சிறு தூரிகை தடுத்துவிடும். அலுமினாவும் கயோலினும் கலந்த பூச்சைத் தாங்கிகளின் மேலும் கம்பியின் அடியிலும் மெல்லத் தடவினால் உருகிய கோன் ஒட்டாது. ஒவ்வொரு சூளைக்கும் புதிய கோன். பாதி வெந்து நின்ற கோனை மறுபடியும் நம்பக் கூடாது.

டைமர்: காவலுக்குக் காவல்

பல சிட்டர்களோடு 20 மணி நேரம் வரை வைக்கக்கூடிய டைமர் ஒன்று வருகிறது. வேக்காட்டை முடிப்பது அதன் வேலை இல்லை. கோன் தவறினால் வெட்டுவதற்கான இரண்டாவது காவல் அது. ஆகையால் வழக்கமான நேரத்தைக் குறித்து வைத்து, அதைவிட அரை மணியோ முக்கால் மணியோ கூடுதலாக மட்டுமே வைக்க வேண்டும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று 20இல் வைப்பவர் அந்தக் காவலை வேலையை விட்டு அனுப்பிவிடுகிறார்.

நம் ஊரில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. டைமரைச் சுற்றுவது மின்மோட்டார். மின்வெட்டு வந்தால் அதுவும் நின்றுவிடும். மின்சாரம் திரும்பும்போது பொத்தான் உள்ளேயே இருப்பதால் சூளை மீண்டும் ஏறத் தொடங்கும். டைமரும் விட்ட இடத்திலிருந்து எண்ணும். இரவு பத்துக்கு அணைய வேண்டிய சூளை நள்ளிரவு தாண்டியும் எரிவது இப்படித்தான். கடிகாரம் பார்த்துப் படுக்கப் போகிறவர் இதை மறக்கக் கூடாது. மோட்டார் எரிந்துபோனால் முள் நகராமல் நிற்கும். சூளை ஓடத் தொடங்கிய ஒரு மணி நேரத்தில் முள் நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை.

கணினி முறை: தெர்மோகப்பிள், கட்டுப்பாட்டுப் பெட்டி, ரிலே

புதிய சூளைகளில் கண்ணாக இருப்பது தெர்மோகப்பிள். இரு வேறு உலோகக் கம்பிகளின் சந்திப்பு சூடானால் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1821இல் தாமஸ் ஸீபெக் கண்டதே இதன் அடிப்படை. பட்டறைச் சூளைகளில் பெரும்பாலும் கே வகை. 1000 டிகிரியில் அது தருவது ஏறத்தாழ 41 மில்லிவோல்ட். இத்தனை நுண்ணிய அளவை நம்பித்தான் அத்தனை பெரிய தீயை விடுகிறோம்.

கண் எந்தப் பக்கம் தவறுகிறது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. தெர்மோகப்பிள் அறுந்துபோனால் நல்ல கட்டுப்பாட்டுப் பெட்டி அதைக் கண்டுபிடித்து நிறுத்திவிடும். ஆபத்தில்லாத தவறு அது. ஆனால் முனை துளையிலிருந்து நழுவிச் செங்கல்லுக்குள் ஒளிந்துகொண்டால், உண்மைச் சூட்டைவிடக் குறைவாகக் காட்டும். பெட்டி இன்னும் வேண்டும் என்று ஏற்றிக்கொண்டே போகும். உயர்சூட்டில் பலமுறை வெந்து ஆக்சிடேறிய கே வகையும் மெல்ல மெல்லக் குறைத்துக் காட்டத் தொடங்கும். வயர்கள் வெளியே எங்காவது ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால், உள்ளே இருக்கும் சூட்டுக்குப் பதில் தொட்ட இடத்தின் சூடே திரையில் தெரியும். இம்மூன்றும் 'இன்னும் எரி' என்ற பக்கமே தவறுபவை. சாட்சிக் கோன் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் சாய்கிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தெர்மோகப்பிளைத்தான்.

புதிதாக மாட்டியதும் சூடு ஏற ஏற எண் இறங்கினால் வயர் மாறியிருக்கிறது. இங்கே வண்ணத்தை நம்பி ஏமாறுவது எளிது. அமெரிக்க முறையில் கே வகைக்கு மஞ்சள் நேர், சிவப்பு எதிர். சர்வதேச முறையில் பச்சை நேர், வெள்ளை எதிர். சிவப்பைக் கண்டால் நேர் என்று பழகிய எலக்ட்ரீஷியன் அமெரிக்கச் சூளையில் தவறுவது இயல்பு.

கட்டளைப் பெட்டியைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. காயில்களுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பெட்டியில் தெர்மோகப்பிள் வரும் இரு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். திரை அறைச் சூட்டைக் காட்டினால் பெட்டி நலம். பிழை தெர்மோகப்பிள் பக்கம். தகரக் கூரையின் கீழ், சித்திரை வெயிலில், சூளையின் மேலேயே ஒட்டிய பெட்டி தானும் வெந்துகொண்டிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதன் காற்றுத்துளைகளை அடைக்காமல், சுவரிலிருந்து தள்ளி வைப்பது பாதி வைத்தியம்.

கணினி முறையின் உண்மையான பலவீனம் கையில்தான். ரிலே ஒரு வேக்காட்டில் பலநூறு முறை 'டிக்' என்று சேர்ந்து பிரிகிறது. ஒவ்வொரு பிரிவிலும் சிறு பொறி. பொறியால் முனை தேய்கிறது, ஒருநாள் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிவிட்டால் பெட்டி எத்தனை முறை 'நிறுத்து' என்றாலும் சூளைக்குக் கேட்காது. குறைக்கடத்தி ரிலேயில் தேய்மானம் இல்லை. ஆனால் அதுவும் கெடும்போது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே கெடுகிறது. கண்டுபிடிப்பது கடினமில்லை. 'டிக்' கேட்கிறது, சூடு இல்லை என்றால் முனை எரிந்திருக்கிறது, அல்லது காயில் அறுந்திருக்கிறது. வேக்காடு முடிந்தும் காயில் சிவந்தே இருக்கிறது என்றால் ஒட்டியிருக்கிறது. மின்சாரத்தை முழுதும் துண்டித்தபின் ரிலேயின் முனைகளுக்கிடையே மல்டிமீட்டர் பூச்சியம் ஓம் காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

மூன்று ஃபேஸ் சூளையில் இது இன்னும் வஞ்சகமானது. நியூட்ரலோடு கூடிய ஸ்டார் இணைப்பில் காண்டாக்டரின் ஒரு முனை மட்டும் ஒட்டினால் மூன்றில் ஒரு பங்கு காயில் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். சூளை 'மெதுவாக ஆறுகிறது' என்றுதான் தோன்றும். ஒற்றை ஃபேஸில் இன்னொரு ஆபத்து: ஃபேஸும் நியூட்ரலும் மாறி இணைந்திருந்தால் ரிலே வெட்டுவது நியூட்ரலை. காயில் ஆறிவிடும், மின்சாரமோ அதில் உயிரோடு நிற்கும். ஆகையால் மூடியைத் திறந்து கை விடும் முன் எம்.சி.பி.யை இறக்கி, டெஸ்டரால் சரிபார்ப்பதைச் சடங்காகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

அணைப்பின் மேல் விழும் பொய்ப்பழி

'சூளை அணையவே இல்லை' என்ற புகார்களில் ஒரு பகுதிக்கு அணைப்புக் கருவி காரணமே இல்லை. சூளையால் உச்சத்துக்கு ஏற முடியவில்லை, ஏறாததால் கோன் வளையவில்லை, வளையாததால் அணையவில்லை. மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட் 200 ஆக இறங்கினால் திறன் ஏறத்தாழ 24 விழுக்காடு குறைகிறது. மாலை நேரத்தில் தெருவே விளக்கும் ஏசியும் போடும்போது இது நடக்கும். காயில் பழசாகி மின்தடை பத்து விழுக்காடு ஏறினால் திறனில் ஒன்பது விழுக்காடு போகும். காயிலை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று அதைக் கொள்ளலாம். நியூட்ரலோடு கூடிய ஸ்டார் இணைப்பில் ஃபேஸ் ஒன்று போனால் மூன்றில் ஒரு பங்கு திறன் போய்விடும். சூடு 1100இலோ 1150இலோ மணிக்கணக்கில் நின்று, தட்டிலுள்ள கோன்களும் நிமிர்ந்தே இருந்தால் சிட்டரையோ தெர்மோகப்பிளையோ தொடாதீர்கள். முதலில் வோல்ட்மீட்டரைப் பாருங்கள்.

தேடும் வரிசை

சாட்சிக் கோன் முதலில்: வேக்காடு குறைந்ததா, கூடியதா, சரியா? அடுத்து ஏறும் வேகம்: சூளை வழக்கம்போல் ஏறியதா, தேங்கியதா? தேங்கியிருந்தால் மின்னழுத்தம், ஃபேஸ், காயில். ஏறியிருந்தால் கண்: கோனின் கிடப்பு, கம்பி, தெர்மோகப்பிளின் முனை. பிறகு கட்டளை: எடை விழுந்ததா, திரை 'முடிந்தது' என்றதா? கடைசியாகக் கை: தொடுமுனை, ரிலே. பார்ப்பதில் தொடங்கி அளப்பதில் முடியும் வரிசை இது. செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்கும், ஆபத்தில்லாததிலிருந்து ஆபத்துள்ளதற்கும் போகிறது. கடைசிப் படியில் எலக்ட்ரீஷியன் கூட இருப்பது நல்லது.

பழுது பார்த்தபின் பானைகளை வைத்துப் பரீட்சிக்க வேண்டாம். காலிச் சூளையில் கோன் 022 வைத்து ஓட்டினால் ஏறத்தாழ 600 டிகிரியிலேயே கண், கட்டளை, கை மூன்றும் வரிசையாக வேலை செய்கின்றனவா என்று தெரிந்துவிடும். மின்கட்டணமும் குறைவு, தவறினாலும் சூளைக்குச் சேதமில்லை. இதை வருடத்துக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும். தீயணைப்புக் கருவியைத் தீப்பிடித்த அன்றா சோதிக்கிறோம்?

எது மேல்?

சிட்டரா கணினியா என்ற வாதத்தில் இரு பக்கமும் பாதி உண்மை பேசுகின்றன. சிட்டரில் கண் நேர்மையானது: மண் எதை உணர்கிறதோ அதையே கோனும் உணர்கிறது. ஆனால் அது சுவரோரத்தில், கம்பியின் பாரத்தோடு கிடக்கும் ஒற்றைக் கோன். தட்டின் நடுவில் நடப்பதை அப்படியே சொல்லாது. கணினிக்கு ஏற்றமும் நிறுத்தமும் ஆற்றுதலும் கைவந்த கலை. ஆனால் அது கோனைப் பார்ப்பதில்லை, கணக்கிடுகிறது. அதன் கட்டளையை நிறைவேற்றும் ரிலேதான் மொத்தத் தொடரிலும் சீக்கிரம் களைக்கும் உறுப்பு. இரண்டையும் ஒரே சூளையில் இணைத்து, கணினியை ஓட்டுநராகவும் ஒரு எண் கூடுதலான கோனுடன் சிட்டரைக் காவலாகவும் வைப்பவர்கள் உண்டு. அறிவான ஏற்பாடு அது. இல்லையென்றால் தனித் தெர்மோகப்பிளும் தனிக் காண்டாக்டரும் கொண்ட உச்சச்சூட்டு வெட்டி ஒன்றையாவது பொருத்த வேண்டும். 'தனி' என்ற சொல்தான் இதில் உயிர்: ஓட்டுகிற கண்ணும் கையுமே காவலுக்கும் நின்றால், ஒன்று கெடும்போது இரண்டும் கெடும்.

இத்தனையும் தொகுத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. எடை விழலாம், விழாமலும் போகலாம். ரிலே பிரியலாம், ஒட்டிக்கொள்ளவும் செய்யலாம். இவற்றில் மிக மோசமான பிழைகள் எல்லாம் 'எரிந்துகொண்டே இரு' என்ற பக்கமே சாய்கின்றன. அந்தப் பக்கம் நின்று தடுக்கக் கருவியை அடுக்கிக்கொண்டே போகலாம். கடைசி அடுக்கு நாம்தான். அந்த விடியற்காலைக்குப் பிறகு என் பட்டறையில் ஒரு பழக்கம் வந்தது. வேக்காடு முடிய வேண்டிய நேரத்தைச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே சூளையருகே வந்து உட்கார்ந்துவிடுகிறேன். பார்வைத் துளை வழியே ஆறாம் எண் கோன் தலை கவிழ்வதைப் பார்க்கிறேன். பிறகு ரிலே பிரியும் ஓசையைக் கேட்கிறேன். ஒளி வெண்மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு இறங்கும்வரை காத்திருக்கிறேன். எம்.சி.பி.யை என் கையால் இறக்கிவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன்.